கீழே கிடப்பவர் யார்?

ரம்புக்கனைப் புகையிரத நிலையத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கொழும்பிலிருந்து சமதரையிலே ஓடிவரும் கண்டி வண்டி, கடுகண்ணாவை மலையேற்றத்தைத் தொடங்குமுன் தரித்து மூச்சு வாங்கும் இடம் அது. ஒரு சனிக்கிழமை மாலை அவ்வண்டியின் வரவை எதிர்நோக்கி நாம் மேடையிலே நின்றிருந்தபோது, முன்னர் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் அருகில் வந்து வணங்கினான். அயலிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, இப்பொழுது கண்டியில் உயர்கல்வி பயில்பவன். நலம் விசாரித்து முடிந்ததும் தன் கைத்தொலைபேசியிலே ஒரு படத்தைக் காட்டினான்.

நேயர்களிற் பலர் அதனைக் கண்டிருப்பீர்கள். குத்துச்சண்டை மேடையிலே கட்டுடல் வாய்ந்த இளைஞர் ஒருவர் வலக்கையை மார்புக்குக் குறுக்கே மடித்து, குனிந்து, எதையோ உரத்துக் கூவியபடி நிற்கின்றார். அவர் காலடியிலே இரு கைகளையும் தலைக்கு மேலே போட்டபடி மல்லாந்து கிடக்கின்றார் இன்னொருவர். நிற்பவர் முகம்மது அலி. அவரைப் பற்றி அம்மாணவனுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. 1980 இல் சென்னைக்கே வந்து காட்சிப் போட்டியில் தோன்றிச் சென்றார் என்ற செய்தி வரை அவன் அறிந்திருந்தான். அவன் கேட்டது வேறு.

"கீழே கிடக்கிறவர் யார் சேர்?"

"சன்னி லிஸ்டன்" என்றோம். "அவர் என்ன செய்தார்?" என்று அவன் கேட்கவும் வண்டி வந்து நிற்கவும் சரியாயிருந்தது. கூட்டத்திலே அவன் ஒரு பெட்டியில், நாம் ஒரு பெட்டியில். அன்று சொல்ல இயலாததை இவ்வாரம் இங்கே சொல்லுகின்றோம்.

வீழ்த்தியவனைப் பாடுவதும் வீழ்ந்தவனை மறப்பதும் நம் தமிழுக்கும் புதிதன்று. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஒரு மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாட, அது புறநானூற்றிலே நின்று நிலவுகின்றது. வென்றவனுக்கு இத்துணை நீண்ட பெயர். வீழ்ந்தவனுக்கோ ஆமூர் மல்லன் என்று ஊரின் பெயர் மாத்திரமே. லிஸ்டனுக்குப் பெயராவது எஞ்சியிருக்கின்றது. ஆனால் அவர் பிறந்த ஆண்டு யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஆர்க்கன்சோ மாநிலத்திலே, பருத்தி விளையும் தாழ்நிலத்திலே பிறந்தவர் அவர். பெற்றோர் வாரக்குடிகள். நிலம் பண்ணைக்காரனுடையது, விதையும் கோவேறு கழுதையும் அவன் தருவன, மாவும் எண்ணெயும் அவன் கடையிலே கடன். அறுவடையில் ஒரு பங்கை அவன் எடுத்துக்கொண்டு, கடனையும் கழித்து மீதியைக் கொடுப்பான். கணக்கேடு எவன் கையில் இருக்கின்றதோ அவன் சொல்வதே கணக்கு. இதை எமது மலைநாட்டு வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளி பட்ட கடனைத் 'துண்டு' என்னும் கடதாசியிலே எழுதி, அதனைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்து செல்ல முடியாதவாறு கட்டி வைத்த முறை இந்நாட்டிலே 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. நம் பாட்டன்மார் அறிந்த துயரத்தையே கடலுக்கு அப்பால் லிஸ்டனின் தந்தையும் அறிந்திருந்தார்.

அத்தந்தைக்கு இரு தாரங்களின் வழியே இருபத்தைந்து பிள்ளைகள் என்பர். அத்தனை பேரிலே ஒருவனது பிறப்பை யார் பதிந்தார்கள்? 1940 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கிலே அவருக்கு வயது 10 என்று காண்கின்றது. பின்னாளில் அவர் தாமே கூறிய ஆண்டு 1932. அவருடைய முகத்தைக் கண்ட பத்திரிகையாளரோ, இவர் சொல்லும் வயதினும் பல ஆண்டுகள் மூத்தவர் என்று எழுதி நகைத்தனர்.

எமக்கு நகைப்பு வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும்; அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும்; அவனுக்கோ அது இல்லை. தாயாரை அழைத்து விசாரித்தோம். "ரப்பர் எலை கொட்டுற காலந்தாங்க சேர், வருசந்தான் நெனப்பில்லைங்க" என்றார் அந்த அம்மாள். இலையுதிர்வது ஆண்டுதோறும் நிகழ்வதாயிற்றே! உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரம் ஒன்றைப் பெறுவதற்கு எத்தனை நடை நடந்தோம் என்பது வேறு கதை. லிஸ்டனின் வயதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தாயின் முகமே எமக்கு முன்னே நிற்கும்.

தந்தை கொடுத்த அடியின் தழும்புகள் பல்லாண்டுகள் கழிந்த பின்பும் லிஸ்டனின் உடலிலே தெரிந்தன. தாயார் பண்ணையை விட்டுச் சென்ற் லூயிஸ் நகரத்துக்குப் பிழைக்கப் போனார். மகன் என்ன செய்தான் தெரியுமா? மைத்துனர் ஒருவரின் மரத்திலிருந்து பீக்கன் கொட்டைகளை உலுக்கி, விற்று, அந்தக் காசைக் கொண்டு தாயைத் தேடிப் புறப்பட்டான். நகரத்திலே பள்ளிக்கூடம் இருந்தது. எழுத்தறியாத அந்தப் பெரிய உருவத்தைச் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு அமர்த்தினார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் எழுந்து போய்விட்டான். லிஸ்டன் கதையிலே எத்தனையோ குத்துகள் வருகின்றன; ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு வலிப்பது இந்தச் சிரிப்புத்தான்.

பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் மூடி மறைக்க வரவில்லை. கூட்டாளிகளுடன் சேர்ந்து பெற்றோல் நிலையங்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் கொள்ளையடித்தான். போகும் இடமெல்லாம் அதே மஞ்சட் சட்டையை அணிந்து போன பேதைமையால், பொலிசாருக்கு வேலை இலகுவாயிற்று. 1950 இல் ஐந்தாண்டுச் சிறை. மிசூரி மாநிலச் சிறைச்சாலையைப் பற்றி அவர் பின்னாளிற் குறை கூறியதேயில்லை. மூன்று வேளையும் வயிறார உண்டது அங்கேதான் என்றார். அச்சிறையிலே விளையாட்டுக்குப் பொறுப்பாயிருந்த அலோய்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் அவருக்குக் குத்துச்சண்டையைக் காட்டினார்.

என்ன உடல் அது! விரித்த கைகளின் அகலம் 84 அங்குலம். மூடிய முட்டியின் சுற்றளவு 15 அங்குலம். 1952 ஒக்டோபரில் நிபந்தனையுடன் விடுதலையானவர், அடுத்த மார்ச் மாதத்திலேயே எட் சாண்டர்ஸ் என்பவரை வென்றார். சாண்டர்ஸ் யாரெனில், முந்திய ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே ஹெவிவெயிட் எனப்படும் மிகுபாரப் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றவர். அதே 1953 செப்டெம்பரில் லிஸ்டன் தொழில்முறைக் களத்தில் இறங்கினார்.

சிறையிலிருந்து வந்த ஏழைக்குக் கைகொடுக்க வந்தவர்கள் யார் என்பதிலேதான் அவருடைய வாழ்வு திசைமாறியது. அக்காலத்து அமெரிக்கக் குத்துச்சண்டையைத் திரைமறைவிலிருந்து ஆட்டுவித்தவர்கள் பிராங்கி கார்போ, பிளிங்கி பலர்மோ முதலிய பாதாள உலகத்தார். ஒப்பந்தத்திலே ஒருவன் பெயர் இருக்கும். இலாபம் இன்னொருவன் பைக்குப் போகும். 1960 டிசம்பரில் செனற்றர் கீபோவரின் விசாரணைக் குழு முன்னிலையிலே லிஸ்டன் சாட்சியமளித்தபோது இவை வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு கார்போவும் பலர்மோவும் வேறொரு வழக்கிலே குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். தோட்டத்துக் கணக்கேட்டிலிருந்து தப்பி வந்தவர் இன்னொரு கணக்கேட்டிலே மாட்டிக்கொண்டார் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

பொலிசாரோடும் தீராப் பகை. 1956 இல் தம் வீட்டருகே நின்ற வாடகைக் காரைப் பற்றிக் கேட்ட ஒரு பொலிஸ்காரரைத் தாக்கி முழங்காலை முறித்து, துப்பாக்கியையும் பறித்துக்கொண்டார். மீண்டும் மறியல், 1957 முழுவதும் மேடையேறத் தடை. தண்டனை முறையானதே. ஆனால் தண்டனை முடிந்த பின்பும் அவரைக் கண்ட இடத்திலெல்லாம் பொலிசார் நிறுத்தினர். நகரத்தை விட்டே போகுமாறு எச்சரித்தனர். பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் அதே கதை. அங்கிருந்து டென்வருக்குப் போனார். அவ்வூரிலே எட்வர்ட் மர்பி என்னும் இயேசுசபைக் குருவானவர், மேடையிலே எதிரிகள் அஞ்சிய அந்தப் பெரிய மனிதரை ஒரு மேசை முன் அமர்த்தி எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பிக்க முயன்றார். முன்னர் எழுந்து போன வகுப்புக்கு அவர் திரும்பி வந்த இடம் இது ஒன்றுதான்.

இத்தனைக்கும் இடையிலே வெற்றிகள் குவிந்துகொண்டேயிருந்தன. கிளீவ்லண்ட் வில்லியம்ஸ், சோரா போலி போன்ற வலியவர்களும் அவர் முன் நிலைக்கவில்லை. 1960 இல் உலகப் பட்டத்துக்குப் போட்டியிட அவரினும் உரிமையுடையவர் எவருமிலர். பட்டத்தை வைத்திருந்தவர் பிளொயிட் பட்டர்சன். அவரும் கறுப்பினத்தவர், அமைதியானவர், பண்பாளர் என்று பெயரெடுத்தவர். அவருடைய முகாமையாளர் லிஸ்டனோடு மோத இசையவில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தினரே, இத்தகைய ஒருவர் சம்பியனானால் எமது போராட்டத்துக்கு இழுக்கு என்று அஞ்சினர். ஜனாதிபதி கென்னடியும் பட்டர்சனைச் சந்தித்தபோது இப்போட்டியைத் தவிர்ப்பது நன்று என்ற எண்ணத்தைப் புலப்படுத்தினார். நியூயோர்க் மாநிலம் லிஸ்டனுக்கு அனுமதிப்பத்திரமே வழங்க மறுத்தது. தகுதியுள்ளவனுக்கு வாய்ப்பை மறுப்பது முறையன்று என்று சொல்லி மேடையேற முன்வந்தவர் பட்டர்சனே. அதை அவருடைய பெருமையாகவே நாம் கருதுகின்றோம்.

1962 செப்டெம்பர் 25 ஆம் திகதி, சிக்காகோ நகரம். இரண்டு நிமிடமும் ஆறு விநாடியும்! பட்டர்சன் முதற் சுற்றிலேயே வீழ்ந்தார். நாணம் மேலிட்டவராய்ப் பொய்த்தாடியும் மீசையும் ஒட்டிக்கொண்டு நகரத்தை விட்டு வெளியேறினார்.

இனிச் சொல்லப்போகும் காட்சிதான் லிஸ்டனின் வாழ்விலே எம்மை அதிகம் உறுத்துவது. மறுநாள் அவர் விமானத்திலே பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். அங்கே தம் ஊரார் மேளதாளத்தோடு திரண்டு நிற்பர் என்று நம்பினார். விமானத்திலே பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் மக்கின்னி என்னும் பத்திரிகையாளர். அவரிடம், அம்மக்களுக்குத் தாம் கூறப்போகும் சொற்களை ஒத்திகை பார்த்தார். பழையன கழிந்தன, இனி நல்ல சம்பியனாக, இளைஞருக்கு எடுத்துக்காட்டாக நடந்துகொள்வேன் என்பதே அப்பேச்சின் சாரம். பேசத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர் ஒரு பேச்சை மனனம் செய்கின்றார்! விமானம் இறங்கியது. கதவு திறந்தது. படியிலே நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். கீழே நின்றவர்கள் விமான நிலையத் தொழிலாளரும் சில பத்திரிகைக்காரருமே. நகரபிதா வரவில்லை, மக்களும் வரவில்லை. அவருடைய தோள்கள் தளர்ந்ததைத் தாம் கண்டதாக மக்கின்னி பின்னர் கூறினார்.

நேயர்களே, அன்று அங்கே ஒரு நூறு பேர் நின்றிருந்தால் அவருடைய பின்வாழ்வு வேறாகியிருக்குமா என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. உறுதியாகச் சொல்ல யாராலும் இயலாது. பாதாள உலகத்தார் அவரை எளிதில் விட்டிருக்க மாட்டார்கள். எனினும், திருந்தி நடப்பேன் என்று சொல்ல வந்தவனுக்கு அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டாமா? எமது பள்ளிக்கூடங்களிலும் இது நிகழ்கின்றது. ஒருமுறை கெட்ட பெயர் எடுத்த பையன் பரிசு வாங்கும் நாளிலே கைதட்டல் மெல்லியதாகிவிடும். நாமும் அப்படிக் கைகட்டி அமர்ந்திருந்ததுண்டு, மறைப்பானேன்?

1963 யூலையில் பட்டர்சன் மீண்டும் மோதினார். முன்னைவிட நான்கு விநாடி அதிகம் நின்றார், அவ்வளவே. அவ்வாண்டு செப்டெம்பரில் லிஸ்டன் ஐரோப்பியச் சுற்றுலாவில் இருந்தார். அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரிலே தேவாலயம் ஒன்றில் இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமியர் மாண்டனர் என்ற செய்தி வந்தது. அவர் பயணத்தை இடைநிறுத்தி நாடு திரும்பினார். அமெரிக்காவில் இருப்பதற்கே வெட்கப்படுவதாகக் கூறினார். போராட்டத்துக்கு இழுக்கு என்று முன்னர் ஒதுக்கப்பட்டவர் பேசிய பேச்சு இது.

அதன்பின் வந்தவர் கசியஸ் கிளே. வயது 22, வாயோ வாய்! லிஸ்டனை அவலட்சணக் கரடி என்று ஊரெல்லாம் பறைசாற்றினார். 1964 பெப்ரவரி 25 ஆம் திகதி மயாமி பீச்சிலே இருவரும் மோதியபோது, லிஸ்டனே வெல்வார் என்று பந்தயக்காரர் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கிலே பணம் கட்டினர். இளைஞரின் கால்களோ தரையிலே பாவவில்லை. ஆறு சுற்றுகள் முடிந்தன. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் தம் ஆசனத்தை விட்டு எழவில்லை. இடத்தோள் வலிக்கின்றது என்றார். வேண்டுமென்றே தோற்றார் என்று கூச்சல் எழுந்தது. மருத்துவர்கள் சோதித்துத் தோளில் காயம் உண்டு என்றே அறிவித்தனர். அது போதுமான சான்று என்பது எம் கருத்து. ஆனால் கணக்கேட்டிலே ஏற்கெனவே இத்தனை கறை படிந்தவனின் காயத்தை யார் நம்புவார்?

மாணவன் காட்டிய படம் அதற்கு அடுத்த போட்டியிலே எடுக்கப்பட்டது. பொஸ்டனில் நடக்கவிருந்த போட்டி, முகம்மது அலி என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த கிளேக்கு அவசரச் சத்திரசிகிச்சை நேர்ந்ததாற் பின்போடப்பட்டு, பின்னர் இடமும் மாறி, மேய்ன் மாநிலத்து லூயிஸ்டன் என்னும் சிற்றூருக்குப் போயிற்று. 1965 மே 25 ஆம் திகதி. உலகப் பட்டத்துக்கான போட்டியைக் காண வந்தோர் 2,434 பேர் மட்டுமே. முதற் சுற்றிலே அலியின் வலக்கைக் குத்தொன்று குறுக்கே பாய்ந்தது. பலர் அதைக் காணவேயில்லை. லிஸ்டன் விழுந்தார். அலி மூலைக்குச் செல்லாமல் அவர்மேலே நின்று, எழும்பு எழும்பு என்று கூவினார். நீல் லைபர் என்னும் இளம் புகைப்படக்காரர் பிடித்த கணம் அதுவே. மத்தியஸ்தராயிருந்த முன்னாட் சம்பியன் ஜேர்சி ஜோ வொல்கொட் எண்ணவும் மறந்து தடுமாறினார். லிஸ்டன் எழுந்து இருவரும் மீண்டும் பொருதத் தொடங்கிய பின்னரே, பத்து விநாடி கடந்துவிட்டது என்று மேடைக்கு வெளியிலிருந்து ஒருவர் கூற, போட்டி நிறுத்தப்பட்டது.

பேய்க்குத்து என்று அதற்குப் பெயராயிற்று. பாதாள உலகத்தாருக்காக விழுந்தார் என்பார் சிலர். உயிருக்கு அஞ்சி விழுந்தார் என்பார் வேறு சிலர். எவராலும் மெய்ப்பிக்கப்படவில்லை. அந்நிகழ்ச்சியின் திரைப்படச் சுருளை நாமும் பலமுறை பார்த்தோம். குத்து விழுந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. அந்த மலையைச் சாய்க்கத்தக்க குத்தா என்றால், தயங்கியே விடை சொல்லுவோம்.

அதன்பின் ஐந்தாண்டுகள். சுவீடனிலே சில போட்டிகள். மீண்டும் தொடர் வெற்றிகள். 1967 இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டு, புதிய சம்பியனைத் தெரிவதற்குப் போட்டித் தொடர் வைத்தபோது லிஸ்டனை அழைக்கவில்லை. அதே ஆண்டில் பீட்டில்ஸ் இசைக்குழுவினரின் புகழ்பெற்ற இசைத்தட்டு உறையிலே மட்டும் அவருடைய மெழுகுச் சிலைக்கு இடம் கிடைத்தது. 1969 டிசம்பரில் லியோட்டிஸ் மார்ட்டினிடம் தோற்றார். 1970 யூனில் சக் வெப்னரின் முகத்தைக் கிழித்து வென்றதே இறுதிப் போட்டி. வெப்னருக்கு எழுபதுக்கு மேற்பட்ட தையல்கள் போட வேண்டியிருந்தது. மொத்தம் 54 போட்டிகள், 50 வெற்றிகள்.

1971 சனவரி 5 ஆம் திகதி, வெளியூர் சென்றிருந்த மனைவி ஜெரால்டீன் லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் இறந்து கிடக்கக் கண்டார். உயிர் பிரிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. உடலிலே போதைப்பொருளின் தடயம் இருந்தது. ஆனால் ஊசி என்றாலே அஞ்சுபவர் அவர் என்று நண்பர்கள் சாதித்தனர். இயற்கை மரணம் என்றே அதிகாரிகள் முடிவு செய்தனர். அவருடைய பிறப்பைப் போலவே இறந்த நாளும் உத்தேசமாயிற்று. 1991 இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்திலே அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தருகே, விமானங்கள் தாழப் பறக்கும் இடுகாடொன்றிலே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். தரையோடு பதித்த சிறு பலகையிலே பெயர், 1932, 1970. கீழே 'ஒரு மனிதன்' என்று பொருள்படும் இரண்டே சொற்கள்.

இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதி அம்மாணவனுக்கு அனுப்பினோம். மறுநாள் அவனிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. "அப்படியென்றால் சாகும்போது அவருக்கு என்ன வயது சேர்?"

கல்லறையின் கணக்குப்படி 38. குடிசனக் கணக்கின்படி நாற்பதை எட்டியிருக்க வேண்டும். இரண்டையும் எழுதி அனுப்பினோம்.